தனியார் கோல்ஃப் மைதானத்துக்குச் செல்லும் முன்

கட்டணம் கட்டிய எவரும் மட்டையை எடுத்துக்கொண்டு இறங்கிவிடக்கூடிய பொது மைதானத்திலிருந்து தனியார் கோல்ஃப் மைதானம் அடிப்படையிலேயே வேறுபடுகிறது. அது உறுப்பினர்களின் சந்தாவால் நடைபெறும் கழகத்தின் இடம் என்பதால், வெளியார் பெரும்பாலும் ஓர் உறுப்பினரின் விருந்தினராகவோ, இரு கழகங்களுக்கிடையே உள்ள உடன்பாட்டின் பேரிலோதான் அங்கே ஆட இயலும். விருந்தினர் செய்யும் தவறுக்கு அழைத்துச் சென்ற உறுப்பினரே கழகத்தாரிடம் பதில் சொல்ல நேரும் என்பதைச் செல்பவர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டும்.

உடையைப் பொறுத்தவரை, காலர் வைத்த சட்டையும் கோல்ஃப் காலணியும் பொதுவாகப் போதும். ஜீன்ஸ் பல கழகங்களில் அனுமதிக்கப்படுவதில்லை. இக்கட்டுப்பாடுகளுள் சில ஆங்கிலேயர் காலத்து மிச்சங்களே. சென்னையில் ஒரு கழகம் வேட்டி அணிந்துவந்த நீதிபதியைத் திருப்பி அனுப்பியதை அடுத்து, வேட்டி அணிந்தவருக்கு அனுமதி மறுப்பதைத் தடைசெய்யும் சட்டத்தைத் தமிழ்நாடு 2014இல் இயற்றியது.

உடை விதிகளைவிடப் புல்லைக் காக்கும் விதிகளே அதிக மதிப்புக்குரியவை. குழியைச் சூழ்ந்து, சில மில்லிமீட்டர் உயரத்துக்கு வெட்டப்பட்ட மெல்லிய புல்தரை 'கிரீன்' எனப்படுகிறது. உயரத்திலிருந்து விழும் பந்து அதில் சிறு பள்ளத்தை ஏற்படுத்தும். அதைச் சரிசெய்ய, இருமுனைக் கருவியைப் பள்ளத்தின் ஓரத்தில் செருகி, சுற்றியுள்ள மண்ணை நடுவை நோக்கித் தள்ள வேண்டுமே தவிர, அடியிலிருந்து நெம்பித் தூக்கக் கூடாது. நெம்பினால் வேர் அறுந்து, அந்த இடம் நெடுநாள் பழுப்பாகவே கிடக்கும். அவ்வாறே, 'பங்கர்' எனப்படும் மணற்குழியில் இறங்கி ஆடியவர் தம் காலடித் தடங்களை அங்குள்ள வாரியால் சமன்செய்துவிட்டே வெளியேற வேண்டும்.

அதிகபட்சம் 45.93 கிராம் எடையே இருக்கலாம் என்று விதிக்கப்பட்ட பந்து, வலுவாக அடிக்கப்படும்போது மணிக்கு 200 கிலோமீட்டரையும் கடந்து பறக்கக்கூடியது. ஆகவே 'ஃபோர்' என்ற கூவல் கேட்டால், பந்து எங்கிருந்து வருகிறது என்று திரும்பிப் பாராமல், தலையைக் கைகளால் மறைத்துக் குனிந்துகொள்ள வேண்டும். தொலைந்த பந்தைத் தேட 2019 முதல் 3 நிமிடங்களே அனுமதி; பின்னால் வருவோர் காத்திருக்க நேர்ந்தால், அவர்களை முன்செல்ல விடுவது மரபு.

ஒவ்வோர் இடத்துக்கும் உரிய எச்சரிக்கைகளும் உண்டு. 1895இல் தொடங்கப்பட்ட கொடைக்கானல் கோல்ஃப் கழகத்தின் மைதானத்தில் காட்டெருமைகள் மேய்வது வழக்கம். ஆபத்தான விலங்குக்கு அருகே பந்து கிடந்தால், தண்டனையின்றிப் பாதுகாப்பான இடத்திலிருந்து ஆட விதிகளே இடமளிக்கின்றன. ஒரு பந்துக்காகக் காட்டெருமையை நெருங்குவது வெறும் அசட்டுத் துணிச்சல்.

மட்டைப் பையைச் சுமந்து, தொலைவும் சரிவும் கணித்துச் சொல்லும் உதவியாளர் 'கேடி' ஆவார். அறிமுகமில்லாத மைதானத்தில் அவர் சொல்லைக் கேட்பதே விருந்தினருக்கு நல்லது. கழக உணவகத்தில் விருந்தினரின் செலவு பெரும்பாலும் உறுப்பினரின் கணக்கிலேயே எழுதப்படும். கேடிக்கு உரியதைக் கையிலேயே கொடுக்கும் வழக்கம் பல இடங்களில் இருப்பதால், அத்தொகையை முன்கூட்டியே கேட்டறிந்து, ரொக்கமாக எடுத்துச் செல்ல வேண்டும்.