முதல் தவணையே முடிவல்ல



ஆறாம் படிவத்தில் முதல் தவணைப் புள்ளி குறைந்ததும் பிள்ளையை நிறுத்தி வேலைக்கு அனுப்பும் பெற்றோர் நம்மிடையே உண்டு. அது பெரும் நஷ்டம்.

2012-இல் ஆறாம் படிவம் புகுந்தவர் முதற்கொண்டு எஸ்.டி.பி.எம். பரீட்சை மூன்று தவணைகளாக நடக்கிறது. முதலிரு தவணைத் தாள்களைத் திரும்ப எழுதலாம். இரண்டில் உயர்ந்த புள்ளியே கணக்கில் சேரும். பால் நிறுக்கும் கிராணி நான் சொல்கிறேன்: மழை நாளின் குறைந்த எடை செக்ரோலில் அப்படியே நிற்கும். பரீட்சைக் கணக்கு அப்படியல்ல.

அரசாங்கப் பல்கலைக் கழகங்களுக்கான தகுதிப் புள்ளியில் பரீட்சைக்கு 90 விழுக்காடு. புறப்பாட நடவடிக்கைக்கு 10 விழுக்காடு. ஆகவே, உயரும் ஒவ்வொரு புள்ளியும் பிள்ளையை வரிசையில் முன்னே தள்ளும்.

மறுபரீட்சைக்குப் பதியும் நாளைப் பள்ளியில் கேளுங்கள். கட்டணத்தை எடுத்து வையுங்கள். இரண்டாம் வாய்ப்பு பிச்சையல்ல, உரிமை!