கைக்கடிகாரமும் அதன் செப்பமும்

கடலூரை அடுத்த குடிகாட்டில், பாட்டனார் வைத்துச் சென்ற பெட்டியில் ஒரு பழைய 'எச்.எம்.டி. ஜனதா' கைக்கடிகாரம் உங்களுக்குக் கிடைத்ததாகக் கொள்வோம். ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தாரின் ஒத்துழைப்போடு பெங்களூரில் 1961ஆம் ஆண்டு தொடங்கிய தொழிலின் விளைவு அது. அதில் மின்கலம் கிடையாது. நாள்தோறும் நாம் கொடுக்கும் சாவிதான் அதற்கு உணவு.

சாவி கொடுக்கும்போது உள்ளே ஓர் எஃகுச் சுருள் இறுகுகிறது. அது உடனே விரிந்துவிடத் துடிக்கும். தடுப்பார் இல்லையானால் முட்கள் சில விநாடிகளில் கிறுகிறுவென்று சுழன்று ஓய்ந்துவிடும். தடுப்பது நங்கூரம் போன்ற ஒரு சிறு கவை. அது கடைசிப் பற்சக்கரத்தைப் பிடித்துப் பிடித்து விடுகிறது. எப்போது விடுவது என்று அதற்குச் சொல்வது பேலன்ஸ் சக்கரம். மயிரிழை போன்ற ஹேர் ஸ்பிரிங் அச்சக்கரத்தை ஒரே சீராக இருபுறமும் ஆட்டுகிறது. ஹைகன்ஸ் என்ற டச்சு அறிஞர் 1675இல் வெளியிட்ட உத்தி இது. நாம் கேட்கும் 'டிக் டிக்' ஓசை, கவையும் பல்லும் மோதும் ஓசையே. ஜனதாவில் அது விநாடிக்கு 5 முறை. நாளொன்றுக்கு 4,32,000 முறை! முகப்பில் காணும் '17 ஜூவல்ஸ்' ஆடம்பரத்துக்கு அன்று. தேயாமல் அச்சுகளைத் தாங்கும் செயற்கை மாணிக்கக் கற்கள் அவை.

அப்படியானால் அது ஏன் நின்றது? பெரும்பாலும் எண்ணெய் காய்ந்திருக்கும், தூசி படிந்திருக்கும். உப்பனாற்றங்கரைக் காற்றின் ஈரம் சாவித்தண்டு வழியே புகுந்து துருவும் ஏறியிருக்கலாம். தேர்ந்த தொழிலாளி முதலில் சுருளின் முறுக்கை மெல்லத் தளர்த்துவார். இல்லையேல் சக்கரங்கள் வெறிகொண்டு சுழன்று அச்சு முறியும். பின்னர் ஒவ்வோர் உறுப்பையும் கழற்றிக் கழுவி உலர்த்தி, ஊசிமுனையளவு எண்ணெய் இடுவார். தாராளம் இங்கே ஆகாது. ஹேர் ஸ்பிரிங்கில் எண்ணெய் பட்டால் அதன் வளையங்கள் ஒட்டிக்கொள்ளும்; சுருள் குறுகியது போலாகிக் கடிகாரம் விரைந்து ஓடும்.

எச்.எம்.டி. கடிகார நிறுவனத்தை மூட 2016 ஜனவரியில் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. ஆகவே, ஒன்றைப் பிழைக்கவைக்க ஓடாத மற்றொன்றிலிருந்து உறுப்பை எடுப்பதே பெரிதும் வழி. அதில் குறையில்லை. ஆனால் பல கடிகாரங்களின் உறுப்புகளைக் கூட்டி, முகப்புக்குப் புது வண்ணம் பூசி, 'பழைய ஜனதா' என்று விற்பாரும் உளர். பாட்டனார் காலத்துப் பழுப்பேறிய முகப்பை அப்படியே விட்டுவிடுவதே எனக்கு உடன்பாடு. கடையில் வாங்குவதாயின், பளபளக்கும் முகப்பைப் பார்த்து மயங்காமல், பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.