மாடித் தோட்டத்தில் குக் பைன்



டிசம்பர் பிறந்ததும் திருப்பூர் நர்சரிகளில் ‘கிறிஸ்துமஸ் மரம்’ என்று ஒரு தொட்டிச்செடி வந்து இறங்கும். தட்டுத் தட்டாகக் கிளை விரிக்கும் அந்தச் செடிக்குப் பெயர் அரக்கேரியா. ஊசியிலை மர வகை. பார்வைக்கு நம் சவுக்கும் அதே சாயல்தான், ஆனால் சவுக்கு பூக்கும் தாவரம். அரக்கேரியா பூக்காது, கூம்பு விடும். நார்ஃபோக் பைன் என்று சீட்டு ஒட்டி விற்பதில் பெரும்பாலானவை குக் பைன் என்ற அரக்கேரியா இனம். 1774இல் நியூ கலிடோனியா தீவுப் பக்கம் போன கேப்டன் குக்கின் பெயரைத் தாங்கிய மரம்.

இந்த மரத்தை விதையிலிருந்து வளர்த்துப் பாருங்கள் என்று சொல்லவே வந்திருக்கிறேன். பக்கக் கிளையை ஒடித்து நட்டால் வேர் பிடிக்கலாம். ஆனால் அது நிமிராது, ஆயுசுக்கும் கிளையாகவே படுத்து வளரும். நெட்டுக்குத்தாக ஏறும் குணம் நடுக்குருத்துக்குத்தான் உண்டு. அந்த அழகு அடுக்கு கலையாமல் கிடைக்க விதைதான் நல்ல வழி. அதே காரணத்துக்காக, வளரும் செடியின் உச்சியைக் கிள்ளவும் கூடாது.

ஆன்லைனில் நீல ஸ்புரூஸ் விதை பாக்கெட்டைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். அது கடும் பனி விழும் மலைகளின் மரம். ஊட்டியில் 1848 முதல் தோட்டக்கலைஞர் மெக்ஐவர் உருவாக்கிய தாவரவியல் பூங்காவில் வெளிநாட்டு ஊசியிலை மரங்கள் செழித்ததற்குக் காரணம் 2,200 மீட்டருக்கு மேற்பட்ட உயரமும் குளிரும். நாம் இருப்பதோ சுமார் 300 மீட்டரில். குக் பைன் வெப்பமண்டலத் தீவு மரம் என்பதால் நம் வெயிலோடு ஒத்துப்போகும். விதையை ஃப்ரிட்ஜில் வைத்துக் குளிரூட்டும் வேலையும் இல்லை.

விதை புதிதாக இருக்க வேண்டும். நாளாக ஆக முளைப்புத்திறன் குறைந்துவிடும். பழுத்த கூம்பு மரத்திலேயே உதிர்ந்து, இறக்கை வைத்த செதில்களாகச் சிதறும். ஒவ்வொரு செதிலிலும் ஒரு விதை. விரலால் அழுத்திப் பாருங்கள், சப்பென்று அமுங்கினால் பதர். திடமாக இருப்பதை, கூர்முனை கீழே இருக்கும்படி பாதி மண்ணுக்குள் செருகுங்கள். ஈரம் காயாமல் நிழலில் வைத்தால் இரண்டு மூன்று வாரத்தில் முளைக்கும். முளை மண்ணைத் தாண்டி வந்ததும் நான்கு வித்திலைகள் நட்சத்திரம் போல விரியும். எனக்கு இந்தக் கட்டம்தான் ரொம்பப் பிடிக்கும்.

திருப்பூரில் இந்தக் கன்றுக்குச் சோதனை தண்ணீரில் இருக்கிறது. உப்பு போர்த் தண்ணீரையே ஊற்றிவந்தால் தொட்டி மண்ணின்மேல் வெள்ளைப் பொருக்கு படியும், இலை நுனி கருகும். ஐப்பசி மழையை மொட்டை மாடியில் பிடித்து வைத்தால் கன்றுக்கு அதைவிட நல்லது இல்லை. காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் கிடைக்கும் தென்னை நார்க்கழிவை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசி, செம்மண்ணோடும் மணலோடும் கலந்துகொள்ளுங்கள். அலசாவிட்டால் அதிலும் உப்பு இருக்கும். சாயப்பட்டறை கெமிக்கல் கேனை அறுத்துத் தொட்டியாக்குவது வேண்டவே வேண்டாம்.

முதல் வருஷம் ஒரு சாண் வளர்ந்தால் போதும், பதற வேண்டாம். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று மாடியில் தொட்டியைச் சாய்த்துவிடும், மண்ணையும் மளமளவென்று உலர்த்தும். செடியைக் கைப்பிடிச் சுவர் ஓரம் நகர்த்துங்கள். பனியன் கட்டிங் வேஸ்டில் ஒரு பருத்தித் துண்டைக் கிழித்து, அதனால் தண்டைக் குச்சியோடு தளர்வாகக் கட்டினால் அறுபடாது.

சில வருஷம் கழித்துத் தரையில் நடுவதானால் கரண்ட் கம்பிக்கும் வீட்டுச் சுவருக்கும் தள்ளி இடம் பாருங்கள். சொந்தத் தீவில் 60 மீட்டர் வரை உயரும் மரம் இது. இன்னொரு விசித்திரமும் உண்டு. ஐந்து கண்டங்களில் குக் பைன்களை அளந்து 2017இல் ஒரு ஆய்வு வெளியானது. மரங்கள் சராசரியாக எட்டரை டிகிரி நிலநடுக்கோட்டைப் பார்த்துச் சாய்ந்திருந்தன. நம் ஊரில் அது தெற்குப் பக்கம். ஆகவே உங்கள் மரம் தெற்கே சரிந்தால் நோய் என்று நினைத்துக் கயிறு கட்டி இழுக்காதீர்கள். நடும்போதே தெற்கில் கொஞ்சம் கூடுதல் இடம் விட்டுவிடுங்கள்.