கொடுக்கும் முன் கேளுங்கள்



புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் நபி (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரது குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக.

2016ஆம் ஆண்டு மே மாதம் களனி கங்கை பெருக்கெடுத்து, கொலன்னாவை, வெல்லம்பிட்டி பிரதேசங்கள் நீரில் மூழ்கின. நான் அரபுக் கல்லூரியிலிருந்து பட்டம் பெற்று வெளியேறிய காலம் அது. பள்ளிவாசலில் சமைத்த சோற்றுப் பார்சல்களை எடுத்துக்கொண்டு வாலிபர்கள் சிலருடன் நானும் சென்றேன். ஒரு சிங்கள வயோதிபத் தாய் பார்சலை இரு கைகளாலும் வாங்கினார், திறந்து பார்த்தார், மீண்டும் மூடிப் பக்கத்தில் வைத்துவிட்டார். "ஏன் சாப்பிடவில்லை?" என்று நான் சற்றுக் கடுமையாகவே கேட்டுவிட்டேன். அவர் பதில் கூறவில்லை.

எம்முடன் வந்த தம்பி ஒருவர் அவரருகில் அமர்ந்து, "அம்மே" என்றழைத்து, சிங்களத்தில் மெதுவாக விசாரித்தார். அவர் மாட்டிறைச்சி உண்பதில்லை. அதைச் சொன்னால் எமது மனம் நோகும் என்றெண்ணிப் பசியோடு பேசாமல் இருந்திருக்கிறார். நாம் கொண்டு சென்ற பார்சல்கள் அனைத்திலும் இருந்தது மாட்டிறைச்சியே. கொடுத்தவர்களாகிய நாம் அவரிடம் எதையும் கேட்டிருக்கவில்லை. அன்று நான் அடைந்த வெட்கம் இன்றும் என்னை விட்டு நீங்கவில்லை.

நேயர்களே! கேட்கப்படாதவர்களின் வேதனையை நாமும் நன்கறிவோம். 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஏற்பட்ட ஆழிப்பேரலையில் அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் 10,000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். முகாம்களில் தங்கிய எமது தாய்மாருக்கு மறைவாக உடைமாற்ற இடமிருக்கவில்லை. கணவரை இழந்த பெண்கள் நான்கு மாதமும் பத்து நாட்களும் இத்தா இருக்க வேண்டும் என்பதை வெளியிலிருந்து வந்த உதவியாளர்கள் பலர் அறிந்திருக்கவில்லை. அவர்களிடம் இரக்கம் இருந்தது. எம்மைப் பற்றிய அறிவு இருக்கவில்லை.

2020ஆம் ஆண்டில் கொரோனாவால் மரணித்தோரின் உடல்களை எரிப்பது கட்டாயமாக்கப்பட்டது. 2021 பெப்ரவரி இறுதியில் அடக்கம் செய்ய அனுமதி கிடைக்கும் வரை எத்தனை குடும்பங்கள் கண்ணீர் வடித்தன! ஒரு சமூகத்தின் நம்பிக்கையைக் கேட்டறியாமல் எடுக்கும் முடிவு எவ்வளவு ஆழமாகக் காயப்படுத்தும் என்பதற்கு நாமே சாட்சிகள். அவ்வாறிருக்க, அதே காயத்தை நாம் மற்றொருவருக்கு ஏற்படுத்தலாமா?

நபி (ஸல்) அவர்களின் வழிமுறையைச் சற்று நோக்குங்கள். யூதர்களுடனான கடிதத் தொடர்புக்காக அவர்களது எழுத்தைக் கற்குமாறு இளைஞரான ஸைத் பின் ஸாபித் (ரழி) அவர்களைப் பணித்தார்கள். அவரோ சுமார் அரை மாதத்திற்குள் கற்றுக்கொண்டார். நாமோ சிங்கள மக்கள் மத்தியில் பிறந்து வளர்ந்தும், ஒரு நோயாளியின் வேதனையை அவரது மொழியில் கேட்கத் தெரியாதிருக்கிறோம்.

பார்வையற்ற தோழரான இப்னு உம்மு மக்தூம் (ரழி) அவர்களை முன்னிட்டே ஸூரா அபஸவின் ஆரம்ப வசனங்கள் இறங்கின. அவர் வெறும் அனுதாபத்துக்குரியவராக ஒதுக்கி வைக்கப்படவில்லை. பாங்கு சொல்லும் பொறுப்பு அவருக்கு வழங்கப்பட்டது. நபியவர்கள் மதீனாவை விட்டு வெளியே சென்ற வேளைகளில் அவரைத் தமது பிரதிநிதியாகவும் நியமித்தார்கள். இன்று எமது மஹல்லாவில் பார்வையற்ற, செவிப்புலனற்ற, சக்கர நாற்காலியில் வாழும் சகோதரர்களுக்கு நாம் என்ன பொறுப்பைக் கொடுத்திருக்கிறோம்?

வாலிபர்களே! நிவாரணப் பணிக்குச் செல்லும்போது முதலில் அமருங்கள், பின்னர் கேளுங்கள். என்ன உண்பீர்கள், என்ன தேவை, யாருடன் பேச விரும்புகிறீர்கள் என்று வினவுங்கள். பெண்களின் தேவைகளை அறியப் பெண்களையே அனுப்புங்கள். வாங்குபவரின் முகத்தைப் படம்பிடித்துப் பரப்பாதீர்கள். அவர் கைநீட்டியது உணவுக்காகவே. ஊரறியத் தலைகுனிவதற்காக அல்ல. சமூகப் பணி என்பதும் கற்க வேண்டிய ஒரு துறையே. தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகத்தில் அதற்கான பட்டப்படிப்பு உண்டு. எமது பிள்ளைகளில் சிலராவது அதைக் கற்க முன்வர வேண்டும்.

பெற்றோர்களே! வாசலுக்கு உதவி கேட்டு வருபவரை உங்கள் பிள்ளை எவ்வாறு அழைக்கிறது என்பதைக் கவனியுங்கள். விதவையை, விவாகரத்தானவரை, போதைக்கு அடிமையானவரின் மனைவியை நாம் வீட்டில் எந்தப் பெயரால் குறிப்பிடுகிறோமோ, அதே பெயரைத்தான் பிள்ளையும் கற்றுக்கொள்கிறது.

மறுநாள் நாம் அந்தத் தாயிடம் பருப்பும் மரக்கறியும் சேர்த்த சோற்றுப் பார்சலுடன் சென்றோம். அவர் உண்டார். எமது பெயர்களைக் கேட்டார். முதல் நாள் நாம் அவருடைய பெயரைக் கேட்டிருக்கவில்லையே என்பது அப்போதுதான் என் உள்ளத்தில் உறைத்தது.

யா அல்லாஹ்! கொடுக்கும் கைகளோடு கேட்கும் செவிகளையும் எமக்குத் தந்தருள்வாயாக. எமது உதவியால் எவரது கண்ணியமும் குறையாதிருக்க அருள்புரிவாயாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாதுஹு.