நோயாளி போகும்போது அவர் ஃபைலும் கூடப் போகணும்!

(மருத்துவ அணிக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நம்ம தமிழ்நாட்டில் தினமும் நடக்குற ஒரு விஷயத்தைப் பேசப்போறேன். ஊர்ல இருக்குற நர்சிங் ஹோம்ல ஒருத்தரைச் சேர்க்கிறோம். ரெண்டு நாள் பார்க்கிறாங்க. நிலைமை மோசமாகுது. "பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடுங்க" என்கிறார்கள். 108 வருது. நடுராத்திரியில் அரசு மருத்துவமனை வாசலில் இறங்குகிறோம். டூட்டி டாக்டர் கேட்கிறார்: "இதுவரைக்கும் என்ன மருந்து கொடுத்தாங்க?"

நம்ம பதில் என்ன? "ஏதோ ஊசி போட்டாங்க சார். குளுக்கோஸ் ஏத்துனாங்க சார்."

இந்த "ஏதோ ஊசி" எவ்வளவு ஆபத்தானதுன்னு யோசிச்சுப் பாருங்க.

பாம்பு கடிச்சவருக்கு விஷமுறிவு மருந்து எத்தனை குப்பி ஏறியிருக்கு, எத்தனை மணிக்கு ஏறியது, ரத்தம் உறையுதா என்று பார்த்தார்களா? இது தெரியாமல் அடுத்த டாக்டர் எப்படி முடிவெடுப்பார்? கர்ப்பிணிக்கு வலிப்பு வந்தால் மெக்னீசியம் சல்ஃபேட் போடுவாங்க. உயிர் காக்கும் மருந்துதான். ஆனா முதல் இடத்தில் முழு டோஸ் போட்டது தெரியாமல் இரண்டாவது இடத்திலும் முழு டோஸ் போட்டால், மூச்சே அடங்கிப்போகும் ஆபத்து இருக்கு. பக்கவாதத்துக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை, பாதிப்பு தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போடணும். எப்போ தொடங்கியது, ரத்தம் உறையாமல் இருக்க ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவரா, இதெல்லாம் தெரியாமல் அந்த ஊசியைப் போட எந்த டாக்டரும் தயங்குவார். தயங்கும் ஒவ்வொரு நிமிஷமும் நம்ம ஆளோட மூளைதான் சாகுது.

உயிர் ஒரு பக்கம். காசு இன்னொரு பக்கம். நேத்து எடுத்த ஸ்கேன் கையில் இல்லைன்னா இன்னிக்கு மறுபடியும் ஸ்கேன். மறுபடியும் ரத்தப் பரிசோதனை. அதே உடம்பு, அதே நோய், இரண்டு பில். தினக்கூலி வாங்கும் குடும்பம் தாலியை அடகு வைத்துத்தான் இந்த இரண்டாவது பில்லைக் கட்டுகிறது.

"சட்டம் இல்லையா?" என்று கேட்பீங்க. இருக்கு தோழர்களே. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 நடத்தை விதிகள் தெளிவாகச் சொல்லுது: உள்நோயாளியின் ஆவணங்களை டாக்டர் 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். நோயாளியோ அவர் அனுமதித்த உறவினரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். அதற்கும் முன்பே, 1996லேயே பம்பாய் உயர்நீதிமன்றம், கேஸ் பேப்பர் நகலைத் தர முடியாதுன்னு மருத்துவமனை சொல்லக்கூடாது என்று தீர்ப்பளித்திருக்கு. ஆக, அந்த ஃபைலில் இருக்கும் விவரத்தைக் கேட்டு வாங்குவது உங்க உரிமை. யாரும் போடுற பிச்சை இல்லை.

ஆனால் ஒன்றைக் கவனிங்க. 72 மணி நேரம்னா மூணு நாள். வழக்குப் போடுறவருக்கு அது போதும். ஆம்புலன்ஸில் கிடக்கிறவருக்குப் போதுமா? அவருக்கு அந்தக் காகிதம் அந்த நிமிஷமே வேணும். கேட்காமலேயே வேணும். இங்கதான் ஓட்டை இருக்கு. இதைத்தான் அடைக்கச் சொல்றோம்.

நர்சிங் ஹோம் நடத்துறவங்க நம்ம எதிரி இல்லை. பத்துப் படுக்கையோடு, சின்ன ஊரில், ராத்திரி பகலா உழைக்கிற டாக்டர்கள் நிறைய பேர் இருக்காங்க. "நம்மால் முடியாது, பெரிய இடத்துக்குப் போங்க" என்று நேரத்தோடு சொல்றதும் நல்ல மருத்துவம்தான். எழுதிக் கொடுத்தால் நாளைக்கு நம்ம மேலேயே கேஸ் வருமோ என்ற பயம் அவங்களுக்கு இருக்கு. நியாயமான பயம். ஆனா மணியும் அளவும் போட்டு எழுதின காகிதம்தான், சரியா வேலை செஞ்ச டாக்டருக்கு நாளைக்குச் சாட்சி.

அரசு மருத்துவமனையையும் சும்மா விட முடியாது. அங்கே ஆபரேஷன் முடிந்து ஊருக்குத் திரும்புறவர் கையில், படிக்கவே முடியாத கையெழுத்தில் நாலு வரி. தையல் பிரிக்கப் போகும் உள்ளூர் டாக்டருக்கு உள்ளே என்ன செய்தார்கள் என்றே தெரியாது. பாதை இரண்டு பக்கமும் திறக்கணும்.

"இதெல்லாம் நடைமுறைக்கு ஒத்துவராது" என்பார்கள். ஏன் ஒத்துவராது? முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் பணம் வாங்க வேண்டும் என்றால், தனியார் மருத்துவமனைகள் ஸ்கேனையும் ரிப்போர்ட்டையும் கம்ப்யூட்டரில் ஏத்துறாங்களே! கர்ப்பிணிகளுக்கு பிக்மி எண் இருக்கே! பிறப்புச் சான்றிதழுக்கு அந்த எண் வேணும் என்றதும் அரசு, தனியார் எல்லா இடத்திலும் அதைக் கேட்டு வாங்குறாங்களே! காசுக்காக ஏறும் ஃபைல், உயிருக்காக ஏறாதா?

ஒன்றிய அரசு 2021இல் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷனை நாடு முழுக்கத் தொடங்கியது. 14 இலக்க ஆபா எண் கொடுக்கிறார்கள். எண் மட்டும் இருந்தால் போதாது. நர்சிங் ஹோம் தன் பக்கம் பதிவு ஏற்றினால்தான் அந்த எண்ணுக்குப் பின்னால் ஏதாவது இருக்கும். இல்லைன்னா அது வெறும் எண்தான்.

எச்சரிக்கையும் வேணும். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்களைச் சைபர் தாக்குதல் முடக்கியது. பல நாள் கையால் எழுதிச் சமாளிச்சாங்க. மனநல சிகிச்சை, கருக்கலைப்பு, எச்ஐவி போன்ற விவரங்கள் தெருவுக்கு வந்தால் ஒரு குடும்பமே சிதைஞ்சுடும். அதனால நோயாளியின் சம்மதம் இல்லாமல் எதுவும் நகரக்கூடாது. நினைவில்லாமல் கிடக்கிறவருக்கு, உயிர்காக்கத் தேவையான விவரம் மட்டும் போகணும். யார் எப்போ திறந்து பார்த்தாங்க என்பது நோயாளிக்குத் தெரியணும்.

நம்ம கோரிக்கைகள் நாலு:

1. ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பும்போது ஒரே மாதிரியான ஒரு பக்கப் படிவம் கட்டாயம் ஆகணும். என்ன நோய், என்ன மருந்து, என்ன அளவு, எத்தனை மணிக்கு, எந்த மருந்து ஒத்துக்காது, எதற்காக அனுப்புகிறோம், அனுப்பும் டாக்டரின் போன் நம்பர். தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்ட விதிகளிலேயே இதைச் சேர்க்க வேண்டும்.

2. பில் பாக்கி என்று சொல்லி ஃபைலைப் பிடித்து வைக்கக் கூடாது.

3. அரசு மருத்துவமனைகள் டைப் செய்த டிஸ்சார்ஜ் சம்மரி தர வேண்டும்.

4. சின்ன நர்சிங் ஹோம்களுக்கு மென்பொருளை அரசே இலவசமாகக் கொடுத்து, பயிற்சியும் கொடுக்க வேண்டும்.

அரசு செய்யும்வரை நாம காத்திருக்க வேண்டாம். இன்னிக்கே உங்க வீட்டுப் பெரியவர்கள் சாப்பிடும் மாத்திரைப் பேரையெல்லாம் ஒரு தாளில் எழுதுங்க. ரத்த வகை, ஒத்துக்காத மருந்து, பழைய ஆபரேஷன், எல்லாம் எழுதி போனிலும் படம் பிடிச்சு வையுங்க. "வேற ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று சொன்னால், "ரெஃபரல் லெட்டரும் ரிப்போர்ட்டும் கொடுங்க டாக்டர்" என்று மரியாதையாகக் கேளுங்க. சத்தம் போட வேண்டாம், கண்ணாடியை உடைக்க வேண்டாம். ஆம்புலன்ஸைக் காக்க வைக்கவும் வேண்டாம். ஒருத்தர் நோயாளியோடு போகட்டும், ஒருத்தர் நின்று வாங்கி வரட்டும். மறுத்தால், எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் புகார் கொடுங்க. எழுதத் தெரியாதவர்களுக்கு நம்ம கிளைத் தோழர்கள் எழுதிக் கொடுக்கணும். ஓட்டுக் கேட்க ஏறின அதே படியில் இதற்காகவும் ஏறுவோம்.

பகிருங்கள். உங்க தெருவில் ஒரு வீட்டுக்காவது இது இன்னிக்கே போய்ச் சேரட்டும்.



#நோயாளியின்_ஃபைல்_நோயாளியின்_உரிமை