பட்டியலும் படகும்



2018 ஆகஸ்ட் நடுவில் கேரளத்தில் பம்பையும் பெரியாறும் கரை புரண்டன. செங்கன்னூரிலும் ஆலுவாவிலும் மாடிக்கு ஏறி நின்றவர்கள் கையில் மிஞ்சியது ஒரு செல்போன். அதில் கொஞ்சம் சார்ஜ். தெரிந்தவர்களுக்கெல்லாம் செய்தி அனுப்பினார்கள். வாங்கியவர் பத்துப் பேருக்கு அனுப்பினார். அந்தப் பத்துப் பேரும் தங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் போட்டார்கள். ஒரே வீட்டின் கூக்குரல் பல வீடுகளின் கூக்குரல்போல வந்து சேர்ந்தது. அந்தக் குடும்பத்தைப் படகு ஏற்றிப் போன பிறகும் "காப்பாற்றுங்கள்" என்ற செய்தி ஊரைச் சுற்றிக்கொண்டே இருந்தது. ஆளில்லாத வீட்டைத் தேடிப் படகு அலையும் அரை மணி நேரத்தில் இன்னொரு மாடியில் தண்ணீர் ஏறும்.

கணினிக்கு அங்கேதான் வேலை வந்தது. கேரள மாநில ஐ.டி. மிஷனோடு ஐ.இ.இ.இ. என்ற பொறியாளர் அமைப்பின் இளைஞர்கள் சேர்ந்து 'கேரளா ரெஸ்க்யூ' என்ற இணையதளத்தை எழுப்பினார்கள். உதவி கேட்பவர், உதவ வருபவர், நிவாரண முகாம், மாவட்டவாரியான தேவை என்று எல்லாம் ஒரே இடத்தில் பதிவாயின. மூல நிரலைத் திறந்தே வைத்திருந்ததால், எங்கெங்கோ இருந்த நிரலாளர்கள் இரவெல்லாம் கண்விழித்துப் பிழை திருத்தினார்கள்.

ஆனால் அந்தப் பட்டியலுக்கு உயிர் கொடுத்தவை தொலைபேசி அழைப்புகள். பதிவான எண்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுத் தன்னார்வலர்கள் விசாரித்தார்கள். இப்போது எங்கே இருக்கிறீர்கள்? எத்தனை பேர்? படுத்த படுக்கையாக யாரும் உண்டா? மீட்கப்பட்டவர் என்று தெரிந்தால் உடனே குறித்தார்கள். இந்த வேலை எந்தப் புகைப்படத்திலும் விழாது. மீட்புப் பணியில் இதைவிட மதிக்கத்தக்க உழைப்பு அதிகம் இல்லை.

மறுமுனையில், கொல்லம், திருவனந்தபுரம் கடற்கரைகளிலிருந்து மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். அவர்களுக்குக் கடல் தெரியும். தெருக்கள் ஆறாகிப்போன ஊர் தெரியாது. நீருக்கடியில் மறைந்திருந்த மதில்களில் மோதிப் படகுகள் சேதமடைந்தன. உள்ளூர் இளைஞர்கள் படகில் ஏறி நின்று வழி சொன்னார்கள். மீனவர்கள் மீட்டவர்கள் ஏறத்தாழ 65,000 பேர் என்று மாநில அரசு கணக்குச் சொன்னது.

தகவல் ஒரே இடத்தில் சேர வேண்டும் என்ற பாடத்தை இலங்கை அதற்கு 14 ஆண்டுகள் முன்பே படித்தது. 2004 டிசம்பர் 26, ஞாயிறு, போயா எனப்படும் பௌர்ணமி விடுமுறை நாள். ஆழிப்பேரலை அந்தத் தீவில் 30,000-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. உதவ வந்த அமைப்புகளுக்குக் குறைவில்லை. யார் எங்கே என்ன செய்கிறார்கள் என்பதை ஒருசேரப் பார்க்கத்தான் வழியில்லை. ஒரு முகாமுக்கு மூன்று அமைப்புகள் போய் நிற்கும். அடுத்த முகாம் காத்துக்கிடக்கும். இலங்கையின் மென்பொருளாளர்கள் தன்னார்வமாகக் கூடிச் சில வாரங்களில் எழுதிய மென்பொருள்தான் 'சஹானா'. தமிழ்க் காதுக்கு அது ஒரு ராகத்தின் பெயர். சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள்.

காணாமல்போனோர் பதிவேடு, முகாம் பதிவேடு, உதவி அமைப்புகளின் பதிவேடு, தேவைப் பட்டியல் என எளிய பகுதிகளால் ஆனது அது. விலைக்கு விற்காமல் கட்டற்ற மென்பொருளாக விட்டார்கள். அதனால்தான் 2005-இல் பாகிஸ்தானில் நிலம் நடுங்கியபோதும், 2006-இல் பிலிப்பைன்ஸில் மலை சரிந்தபோதும், யார் அனுமதிக்கும் காத்திராமல் அது அங்கே பயன்பட்டது. தன் கரையில் பிணங்களை எண்ணிய ஒரு சிறு நாடு அடுத்த நாட்டின் துயருக்கு ஆயத்தக் கருவி தந்தது என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

பட்டியல் இருந்தாலும் வழி தெரிய வேண்டுமே! 2010 ஜனவரி 12 அன்று ஹெய்தியை 7.0 அளவு நிலநடுக்கம் உலுக்கியது. தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸின் தெருக்களில் பெரும்பகுதி இணைய வரைபடங்களில் இல்லை. செயற்கைக்கோள் நிறுவனங்கள் படங்களைத் திறந்துவிட்டன. பல நாடுகளில் இருந்த, ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த இணைய வரைபடத்தின் தன்னார்வலர்கள் வீட்டில் உட்கார்ந்தபடி தெருத் தெருவாக வரைந்தார்கள். சில நாட்களில் உருவான அந்த வரைபடம் மீட்புக் குழுக்களின் ஜி.பி.எஸ். கருவிகளில் ஏறியது. உதவி கேட்டு 4636 என்ற எண்ணுக்குக் கிரெயோல் மொழியில் வந்த குறுஞ்செய்திகளை, வெளிநாடுகளில் வாழ்ந்த ஹெய்தியர்கள் மொழிபெயர்த்தார்கள். "தேவாலயத்துக்குப் பின்னால்" என்று ஒருவர் எழுதினால் அது எந்தத் தேவாலயம் என்று கண்டுபிடிக்க, அந்தத் தெருவில் நடந்தவர்தானே வேண்டும்?

சென்னையும் இதைச் செய்திருக்கிறது. 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது, நீர் தேங்கிய தெருக்களை மக்களே அதே ஓபன்ஸ்ட்ரீட்மேப்பை அடிப்படையாகக் கொண்ட படத்தில் குறித்தார்கள். ஒரு குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: பதற்றத்தில் பெயரும் முகவரியும் தொலைபேசி எண்ணும் எல்லோர் கண்ணிலும் படும்படி விடப்படுகின்றன. தனியாகத் தவிக்கும் பெண்ணின் முகவரி மீட்பவருக்குத் தெரிந்தால் போதும். ஊருக்கே தெரியக் கூடாது. அந்தத் தகவலுக்கான பூட்டு வெள்ளத்துக்கு முன்பே பூட்டப்பட வேண்டியது.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். முதலில் எந்தத் தெரு மூழ்கும், லாரி திரும்ப முடியாத சந்து எது, மாடியில் நூறு பேர் தங்கக்கூடிய பள்ளி எது என்பதெல்லாம் அந்தந்த வார்டில் விடிகாலையில் பால் போடுகிறவருக்கு அத்துப்படி. அவர் சொல்லச் சொல்லக் கல்லூரி மாணவர் ஒருவர் மடிக்கணினியில் குறித்துக்கொண்டே வந்தால், செப்டம்பர் முடிவதற்குள் ஒரு வார்டின் வரைபடம் முடிந்துவிடும்.