சிறு விமானங்களின் எஞ்சின்களும் எரிபொருட் செலவும்

சில காலத்திற்கு முன் கல்லூரி மாணவி ஒருத்தி என்னைக் காண வந்தாள். அவள் தந்தையார் சிறிய தையற்கடை ஒன்று வைத்திருப்பவர். கையில் ஒரு குறிப்பேடு. “விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஆசை. ஆனால் செலவில் பெரும் பங்கு எரிபொருளுக்கே போய்விடும் என்கிறார்கள். செலவு குறைந்த எஞ்சின் எதுவும் இல்லையா, ஐயா?” என்று கேட்டாள். அன்று அவளுக்குச் சொன்னதையே இன்று மாணவ நண்பர்களாகிய உங்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

விமான எஞ்சினுக்கு மூன்று குணங்கள் வேண்டும். அது கனமற்றதாக இருக்க வேண்டும். நடுவானில் நின்றுவிடாததாக இருக்க வேண்டும். எரிபொருளைச் சிக்கனமாகச் செலவிட வேண்டும். 1903-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் நாள் ரைட் சகோதரர்கள் பறந்தபோது, அவர்களுடைய பட்டறையில் சார்லஸ் டெய்லர் செய்து தந்த எஞ்சின் ஏறத்தாழ 80 கிலோ எடையுள்ளது. அது அளித்ததோ சுமார் 12 குதிரைசக்திதான். இன்று 60 கிலோ எடையில் 100 குதிரைசக்தி தரும் எஞ்சின்கள் உண்டு. ஆனாலும் மூன்று குணங்களும் ஒருங்கே நிறைந்த எஞ்சின் இன்னும் பிறக்கவில்லை.

முதலில், உலகெங்கும் பயிற்சிக்குப் பழக்கமான ஒரு விமானத்தைப் பார்ப்போம். 1955-இல் முதன்முதலாகப் பறந்த செஸ்னா 172 இதுவரை 44,000-க்கு மேல் செய்யப்பட்டிருக்கிறது. 1968 முதல் பல ஆண்டுகள் அதில் பூட்டப்பட்டது லைகாமிங் ஓ-320 என்னும் பெட்ரோல் எஞ்சின். 320 என்பது அதன் கொள்ளளவைக் கன அங்குலத்தில் குறிப்பது. நம் கணக்கில் 5.2 லிட்டர். கிடைக்கும் சக்தியோ 150 குதிரைசக்தி. இவ்வளவு பெரிய எஞ்சினுக்கு இவ்வளவு குறைந்த சக்தியா என்று நீங்கள் வியக்கலாம். காரணம் உண்டு. விசிறி அளவுக்கு மீறி வேகமாகச் சுழன்றால், அதன் நுனி ஒலியின் வேகத்தை நெருங்கும், சக்தி வீணாகும். ஆகையால் எஞ்சினை நிமிஷத்திற்கு 2,700 சுற்றுக்கு மேற்படாமல் ஓடவிட்டு, விசிறியை அதன் தண்டிலேயே நேராகப் பொருத்திவிட்டார்கள். பல்சக்கரப் பெட்டி இல்லை. குளிர்விக்கத் தண்ணீரும் இல்லை, காற்றே போதும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு தீப்பொறிச் செருகிகள்; மின்கலம் செத்துவிட்டாலும் காந்தங்கள் தீப்பொறியைத் தந்துகொண்டே இருக்கும். கெட்டுப்போகக்கூடிய உறுப்புகளைக் குறைத்ததனால் நம்பகம் கூடியது.

ஆனால் இது மணிக்குச் சுமார் 35 லிட்டர் விமானப் பெட்ரோலைக் குடிக்கும். அந்தப் பெட்ரோல் விற்பது கொஞ்சம். ஆகவே விலை அதிகம். இந்தியா இதனை இறக்குமதியே செய்துவந்தது. 2022-இல்தான் இந்தியன் ஆயில் நிறுவனம் தன் வடோதரா சுத்திகரிப்பு ஆலையில் செய்யத் தொடங்கியது. மற்றொரு குறையும் உண்டு. இதில் லிட்டருக்கு 0.56 கிராம் வரை ஈயம் கலந்திருக்கலாம். அப்படியானால் ஒரு மணி நேரப் பறப்பில் ஏறத்தாழ 20 கிராம் ஈயம் காற்றில் கலக்கும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது ஈயம். ஈயமற்ற பெட்ரோல் ஒன்றுக்கு 2022-இல் அமெரிக்க விமானத்துறை அனுமதி வழங்கியது.

அடுத்தது ஆஸ்திரியா நாட்டு ரோட்டாக்ஸ் 912. இதன் நூறு குதிரைசக்தி வகையின் கொள்ளளவு 1.35 லிட்டர்தான். நிமிஷத்திற்கு 5,800 சுற்று வரை சுழலும். பல்சக்கரங்கள் அவ்வேகத்தைக் குறைத்து விசிறிக்கு அளிக்கும். மணிக்கு 18 லிட்டர் அளவில் போதும். மோட்டார்க் கார் பெட்ரோலையும் ஏற்கும். ஆனால் எத்தனால் பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நம் நாட்டில் 2025-இல் பெட்ரோலில் எத்தனால் இருபது சதவீதம் வரை சேர்ந்துவிட்டது. எத்தனால் நீரை ஈர்க்கும்; ரப்பர்க் குழாய்களைக் கெடுக்கவும் கூடும். மலிவு என்று கருதித் தெருமுனைப் பெட்ரோலை நிரப்பிவிட்டுப் பறப்பது உயிரோடு விளையாடுவதாகும். பெங்களூரிலுள்ள தேசிய விண்வெளி ஆய்வகம் அமைத்த ஹன்சா என்.ஜி. என்னும் இரட்டை இருக்கைப் பயிற்சி விமானம் இந்த ரோட்டாக்ஸ் வகை எஞ்சினுடன் 2021 செப்டம்பரில் முதன்முதலாகப் பறந்தது. 2022 பிப்ரவரியில் கடல்மட்டச் சோதனைக்காகப் புதுச்சேரிக்கும் வந்தது.

மூன்றாவது டீசல் வகை. தீப்பொறி இல்லாமல், காற்றை அழுத்திச் சூடாக்கி எரிபொருளைப் பற்றவைப்பது இது. பெரிய விமான நிலையங்களில் எளிதாகக் கிடைக்கும் ஜெட் மண்ணெண்ணெயிலேயே ஓடும். ஒரு குதிரைசக்தியை ஒரு மணி நேரம் பெறப் பெட்ரோல் எஞ்சினுக்கு ஏறத்தாழ 200 கிராம் எரிபொருள் வேண்டும்; டீசலுக்கு 160 கிராம் போதும். ஆனால் உள்ளழுத்தத்தைத் தாங்க உறுதியான உடல் தேவை. 168 குதிரைசக்தியுள்ள ஆஸ்ட்ரோ எஞ்சின் 185 கிலோ எடையுள்ளது. கார் எஞ்சினிலிருந்து ஆக்கிய முதல் டீசல்களில் ஒன்று 2002-இல் ஜெர்மனியில் அனுமதி பெற்றது. அதனைப் பழுது நீக்கிப் புதுப்பிப்பதற்குப் பதிலாக, குறித்த மணி நேரம் கழிந்ததும் எஞ்சினையே மாற்ற வேண்டியிருந்தது. செய்த நிறுவனமோ 2008-இல் நொடித்துப்போயிற்று. எரிபொருளில் மிச்சம் பிடித்தவர்கள் பராமரிப்பில் அதனை இழக்க நேர்ந்தது.

டர்பைன் எஞ்சினைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்வேன். கனடாவின் பி.டி.6 எஞ்சின் 1961-இல் முதலில் பறந்தது. எடைக்கு இது தரும் சக்தி மிகுதி, நம்பகமும் மிகுதி. ஆனால் ஒரு குதிரைசக்திக்கு மணிக்கு 260 கிராமுக்கும் மேல் எரிபொருள் கேட்கும். பாரம் சுமந்து நெடுந்தூரம் செல்வோருக்கு ஏற்றது. பயிலும் மாணவருக்கு அன்று. மின்சார விமானமும் வந்துவிட்டது. 2020-இல் ஐரோப்பிய அனுமதி பெற்ற பிப்பிஸ்ட்ரல் வெலிஸ் எலக்ட்ரோ ஏறத்தாழ 50 நிமிஷம் பறக்கும். உள்ளூர்ப் பயிற்சிக்கு அது போதும். ஊர்விட்டு ஊர் செல்லப் போதாது.

இனிக் கணக்குக்கு வருவோம். வணிக விமானி உரிமம் பெற நம் நாட்டில் 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். எளிமைக்காக அத்தனையும் ஒரே வகை விமானத்தில் என்று கொள்வோம். லைகாமிங்கில் 7,000 லிட்டர் விமானப் பெட்ரோல். ரோட்டாக்ஸில் 3,600 லிட்டர். சிறு டீசலுக்கு மணிக்கு 22 லிட்டர் என்று வைத்தால் 4,400 லிட்டர் மண்ணெண்ணெய். இவற்றை உங்கள் ஊர் விலையால் பெருக்கிப் பாருங்கள். ஆனால் நியாயமும் வேண்டும். செஸ்னாவில் நால்வர் அமரலாம், ஹன்சாவில் இருவரே. பயிற்சியின்போது ஆசிரியரும் மாணவரும் மட்டுமே அமர்வதால், செஸ்னாவின் வெற்று இருக்கைகளைத் தூக்கிச் செல்லவும் மாணவர் பணம் கொடுக்கிறார். இதோடு, சுமார் 2,000 மணிக்கு ஒருமுறை எஞ்சினைப் பிரித்துப் புதுப்பிக்கும் செலவுக்கு ஒவ்வொரு மணிக்கும் ஒரு தொகையை ஒதுக்கவும் வேண்டும்.

அந்த மாணவி இவற்றையெல்லாம் எழுதிக்கொண்டாள். “அப்படியானால் சேருமுன் என்ன எஞ்சின், மணிக்கு எத்தனை லிட்டர், புதுப்பிக்க எத்தனை மணி என்ற மூன்றையும் கேட்க வேண்டும், அல்லவா?” என்றாள். “ஆம், நான்காவதாக, அந்த எஞ்சினைப் பழுது பார்க்கத் தெரிந்தவர் அங்கே இருக்கிறாரா என்றும் கேள்” என்றேன். தந்தையின் உழைப்பைச் செலவிட வேண்டியவள் அவள். விமானத்தின் பளபளப்பைப் பார்த்து மயங்காமல் அவள் கணக்கைக் கேட்டது எனக்கு மகிழ்ச்சியளித்தது. பறக்க விரும்பும் நீங்களும் அவ்வாறே கேட்பீர்களாக.